பதினோரு வரி மாமன்

புத்தகத்தின் பக்கத்துக்குத் திசை உண்டு என்பதை நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மேல் ஓரம் வடக்கு, கீழ் ஓரம் தெற்கு, இடது கைப்பக்கம் மேற்கு, வலது கைப்பக்கம் கிழக்கு. "எண்பத்தாறாம் பக்கம், தென்கிழக்கு மூலையப் பாருங்க வாத்தியாரே. அங்கதான் பையனுக்கு மொதமொதல்ல மீசை மொளைக்குது" என்பார். பார்த்தால் சரியாக அந்த மூலையில் மீசை முளைத்திருக்கும்.

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற சாலையில் அவருடைய தோட்டம். ஊரில் எல்லோரும் அவரைத் தோட்டத்துக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பேச்செல்லாம் கொங்குத் தமிழ். ஆனால் பட்டா, வரி ரசீது, வில்லேஜ் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் மலையாளத்தில் வரும் என்பதால் மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். மீசை முளைக்கும் அந்த நாவலுக்கு முன்னால் அவர் மலையாளத்தில் படித்ததெல்லாம், அரசாங்கம் அவரிடம் எதையாவது கேட்டு எழுதியது மட்டும்தான். ஆகவே நாவலையும் அதே குரலில்தான் படித்தார். ஆற்றங்கரையில் நிலா எழும்பும் வர்ணனையை அவர் உரக்கப் படித்தால், குறித்த கெடுவுக்குள் நிலா ஆஜராகாவிட்டால் ஜப்தி என்று சொல்வதுபோல இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் அந்த ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனேன். பாலக்காட்டிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பொள்ளாச்சிப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக ஓர் இளைஞன் தகரப் பெட்டியோடு நின்றிருந்தான். எனக்கு வாடகைக்கு அறை பேசியிருந்த வீட்டை அவனிடம்தான் விசாரித்தேன்.

"அது என்ற ரூம்தானுங்க" என்று சிரித்து, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். "மாமா மோட்டார் ரூம்ல இருக்காருங்க. மோட்டார் ரிப்பேருங்களாம். அதான் என்னைய பஸ் ஏத்தி உட வரல."

கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

தோட்டத்து மோட்டார் அறையில் ஒரு மனிதர் கையில் ஸ்பானரோடு மோட்டாருக்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். மோட்டாரின் நாலு நட்டும் முடுக்கியது முடுக்கியபடியே இருந்தன. ஒன்றுகூடத் தளரவில்லை.

"பஸ் போயிருச்சுங்களா?"

போய்விட்டது என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ரிப்பேர் முடிஞ்சுதுங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

மெல்ல மெல்லத்தான் விவரம் தெரிந்தது. பையன் அவருடைய அக்கா மகன். நடக்கப் பழகும் வயதில் தாய் போய்விட, அவர்தான் வளர்த்தார். அவருக்கு மனைவியும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. தோட்டத்தை அவன் பார்ப்பான் என்று இருந்தார். அவன் சூரியநெல்லியில் தேயிலை ஃபாக்டரிக் கிளார்க் வேலைக்கு எழுதிப்போட்டு வாங்கிவிட்டான். "மூணு கெணறு வெட்டுனவன் மருமவன் டீத்தூள் எடை போடப் போறானா?" என்று இவர் கேட்க, "ஆமாங்க மாமா" என்று அவன் சொல்ல, அத்தோடு பேச்சு நின்றது. நான் குடியிருந்தது அவன் அறை. சுவரில் அவன் அடித்த ஆணிகள் ஏழு. அவற்றில் சட்டை மாட்டும்போதெல்லாம், யாரோ ஒருவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு சங்கடம். ஒரே ஒரு ஆணியைத்தான் உபயோகித்தேன்.

தோட்டத்துக்காரர் சினிமா பார்க்கிறவர் அல்ல. ஆனால் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டிருந்தது அவருடைய தரிசில். அதனால் அவருக்கென்று முதல் வரிசையில் ஒரு மர நாற்காலி நிரந்தரமாகக் கிடந்தது. அவர் அதில் உட்காராததால் யாரோ வெல்லப் பொட்டலம் வைத்து எறும்பு வந்திருந்தது. ஒருநாள் ஒரு மலையாளப் படம் வந்தபோது, நான் வற்புறுத்தியதால் எறும்பைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கதை ஒரு பையனைப் பற்றியது. ஆற்றங்கரை ஊர், தாயில்லாத பிள்ளை. படகுத்துறையில் எடுபிடி வேலை, பள்ளிக்கூடத்தில் அடி, எதிர்வீட்டுப் பெண்மேல் ஆசை, அப்பாவோடு சண்டை. இப்படியே வளர்ந்து, மீசை கறுத்து, கடைசியில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறி ஊரை விட்டுப் போகிறான். பஸ் போன பிறகு சாலையில் புழுதி. அவ்வளவுதான் படம்.

விளக்கு போட்டதும் தோட்டத்துக்காரர் எழுந்து நேராக ஆபரேட்டரிடம் போனார்.

"ஏப்பா, அத்தனை பெரிய ஊருல அவன பஸ் ஏத்தி உட ஒருத்தங்கூடவா வரல?"

"என்னையக் கேட்டா எப்படீங்க? பொட்டியில வந்ததத்தான் நான் ஓட்டறேன்" என்றார் ஆபரேட்டர். "இது ஏதோ நாவலாமுங்க, போஸ்டர்ல போட்டிருக்குது. அதுல வேணும்னா ஆராச்சும் வந்திருப்பாங்க."

மறுநாள் காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். "வாத்தியாரே, நாவல்னா எங்க கெடைக்கும்?" யூரியா எங்கே கிடைக்கும் என்று கேட்கும் அவசரம் குரலில் இருந்தது.

கொல்லங்கோட்டு வாசகசாலையில் என் பெயரில் எடுத்து வந்தேன். என் பெயரில் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான். அவர் அதைக் காலி உரச்சாக்கின் உள்தாளில் அட்டை போட்டு, வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் பாய்ச்சியபடியே படித்தார். பையன் காதலித்த அத்தியாயத்தில் கத்தரிப் பாத்தி மூழ்கியது. அப்பாவோடு சண்டை போட்ட அத்தியாயத்தில் மிளகாய்ப் பாத்தி. புத்தகத்தை முடித்த நாளில், முழங்கால்வரை சேற்றோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நாற்பத்தொரு பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்தினார்கள்.

"வந்திருக்காருங்க வாத்தியாரே! படத்துல உட்டுட்டானுக! புஸ்தகத்துல வந்திருக்காரு! அம்மாவன்னு போட்டிருக்குது, மாமனுங்க! பஸ்ஸுக்கு ஓடியாறாருங்க!"

அன்றைக்கே அதே படத்தை மறுபடி பார்க்கப் போனார். அன்றுதான் அது தொடங்கியது.

இங்கே டூரிங் டாக்கீஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டவுன் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும், படம் நிற்காமல் ஓடும். எங்கள் கூடாரத்தில் ஒன்றே ஒன்றுதான். சுருள் தீர்ந்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அப்படி ஒரு படத்துக்கு நாலு நிறுத்தம். அந்த நேரத்தில்தான் சோடாக்காரருக்கு வியாபாரம். தோட்டத்துக்காரர் முதல் நிறுத்தத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்குக் கீழே போய்நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இப்பப் பாத்தீங்களே, இதுக்கு நடுவுல மூணு சங்கதிய உட்டுட்டானுங்க."

பிறகு அந்த மூன்றையும் சொன்னார். பக்கம், திசை எல்லாவற்றோடும். அடுத்த நிறுத்தத்தில் அடுத்தவை. கடைசி நிறுத்தத்தில் மாமன். பையன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாயிற்று. பஸ் நகர்கிறது. தூரத்தில் மாமன், தோளில் துண்டு நழுவ, கடலை உருண்டை மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். கண்டக்டர் திட்டுகிறான். மாமன் கையை நீட்டி பஸ்ஸை மறிக்கிறான். நின்றே விட்டது பஸ். ஜன்னல் வழியாக மூட்டையைக் கொடுக்கிறான்.

தரை டிக்கெட்டில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். விளக்கு அணைந்து, திரையில் பையன் தனியாக பஸ் ஏறியபோது, மாமன் கொடுத்த மூட்டை அவன் மடியில் இருப்பதாகவே எல்லோரும் பார்த்தார்கள். சினிமா எடுத்தவர்கள் அதை மறைத்து வைத்திருப்பதாக அவர்கள்மேல் கோபமும் வந்தது.

வேறு ஊர்களில் காலியாக ஓடிய அந்தப் படம், எங்கள் ஊரில் நிரம்பி வழிந்தது. டாக்கீஸ் முதலாளி அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். சோடாக்காரருக்குத்தான் அழுகை. "ஒருத்தன் எந்திரிக்க மாட்டேங்கறானுங்க மொதலாளி. இந்தாளு நாலு தடவ நிக்கறாரு, என்ற சோடா அத்தனையும் அப்படியே நிக்குது" என்று முறையிட்டார். அவருடைய பெட்டியில் இருபத்து நாலு புட்டி. நான் எண்ணியிருக்கிறேன், படம் முடியும்போதும் இருபத்து நாலு.

முதலாளி என்ன செய்வார்? நிலம் தோட்டத்துக்காரருடையது. வெளியே போங்கள் என்று சொல்ல முடியாது. ஆபரேட்டரைக் கூப்பிட்டு, அவர் எழுந்து நிற்பதற்குள் சுருளை மாற்றிவிடு என்றார். அவசரத்தில் ஆபரேட்டர் நாலாவது சுருளை மூன்றாவதற்கு முன்னால் மாட்டிவிட்டார். மீசை வைத்த பையன் அப்பாவை எதிர்த்துப் பேசிவிட்டு, அடுத்த காட்சியில் மீசை இல்லாமல் அரைக்கால் சட்டையோடு அவரிடம் அடி வாங்கினான். கூட்டம் அதையும் ஏற்றுக்கொண்டு பார்த்தது, மீசையை மழித்து வைத்து அடித்தார் என்று நினைத்திருக்கலாம். தோட்டத்துக்காரர் மட்டும் எழுந்து நின்று, "நிறுத்தப்பா! நூத்திப்பத்தாம் பக்கம் முடிஞ்சு எழுபதாம் பக்கத்துக்குப் போயிட்டே!" என்று சத்தம் போட்டார். அதன்பிறகு முதலாளி அவர் வழிக்குப் போகவில்லை.

இதற்கிடையில் வாசகசாலையிலிருந்து எனக்கு ஆள்மேல் ஆள் வந்தது. புத்தகத்தைத் திருப்புவதற்கு முன் நானும் ஒருமுறை படித்துவிடலாம் என்று தோட்டத்துக்காரரிடம் இரண்டு நாளைக்குக் கெஞ்சி வாங்கினேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது குழப்பமாகிவிட்டது. மாமன் இருந்தான். பதினோரு வரி. அந்தப் பதினோரு வரிக்கு முன்னாலும் பின்னாலும் அவன் கிடையாது. மூட்டை இல்லை. கண்டக்டர் திட்டவில்லை. மாமன் ஓடி வருகிறான், வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடுகிறது, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடக்கிறான். அவ்வளவே.

புத்தகத்தோடு அவரிடம் போனேன். அவர் அடுப்பில் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"இதில் மாமன் பஸ்ஸைப் பிடிக்கவே இல்லையே?"

"நீங்க கணக்கு வாத்தியாரு. வரிக்கு வரி படிக்கறீங்க."

"வரிக்கு வரிதானே படிக்க வேண்டும்? பதினோரு வரியிலும் அவன் பிடிக்கவில்லை."

கொள்ளைக் கிளறினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எழுதுனவரு மெதுவா ஓட உட்டுட்டாருங்க. நான் கொஞ்சம் வெரசா ஓட உட்டேன். வேற ஒண்ணும் மாத்தலீங்க."

எனக்கு மோட்டார் அறையும் அந்த நாலு நட்டும் ஞாபகம் வந்தன. புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, வாசகசாலைக்கு வேறு சமாதானம் யோசிக்கத் தொடங்கினேன்.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு மருமகன் வந்தான். சூரியநெல்லி போனபின் அதுதான் முதல் வரவு. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு நின்றான். இவர் பார்த்தார். இருவருக்கும் நடுவில் ஓர் ஆட்டுக்கல் அகலம்தான் இருந்தது. ஆனால் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போயிற்று.

"வாத்தியாரே, ஊட்டுக்கு வந்த ஒறம்பரை காப்பி குடிக்குமான்னு கேளுங்க."

"குடிக்கும்னு சொல்லுங்க சார்."

"சக்கரை எத்தனைன்னு கேளுங்க."

"வளத்தவருக்குத் தெரியும்னு சொல்லுங்க சார்."

அவர் மூன்று கரண்டி போட்டார். அவன் மறுக்கவில்லை.

"மலையில குளுருல கைகாலெல்லாம் சொகமான்னு கேளுங்க."

"சொகந்தான்னு சொல்லுங்க. இங்க மோட்டார் சொகமான்னு கேளுங்க சார்."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை எடுத்து வைத்தவன் நான்.

நோம்பிக்காக முதலாளி அதே படத்தைப் போட்டிருந்தார். மாலை ஆட்டம். தோட்டத்துக்காரர் போகவே மாட்டேன் என்றார். வயிறு சரியில்லை என்றார், மாடு கன்று போடப் போகிறது என்றார். அந்த மாடு சினையாகக்கூட இல்லை. முதலாளியே நேரில் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். "படத்துக்கு நடுவுல இன்னொரு படம் ஓடுதாமுங்களே, நானும் பாக்கறேன் சார்" என்று மருமகன் என்னோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

முதல் மூன்று நிறுத்தத்திலும் அவர் நன்றாகத்தான் சொன்னார். எங்கள் பெஞ்சுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கடைசி நிறுத்தம் வந்தது. விளக்கு எரிந்தது. பெண்கள் முந்தானையைத் தயாராக எடுத்துக்கொண்டார்கள்.

"பையன் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டானுங்க" என்று ஆரம்பித்தார். "அவனுக்கு ஒரு மாமன் இருக்கறான். எரநூத்திப் பதினாலாம் பக்கம், வடக்கு பாகம்." நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஓடியாறான்னு சொல்லுங்க" என்று சோடாக்காரர் எடுத்துக் கொடுத்தார். விற்காமல் நின்று நின்று கேட்டதில், கூட்டத்திலேயே கதை நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

"வரலீங்க" என்றார் தோட்டத்துக்காரர்.

கூடாரமே எழுந்தது. "வருவாருங்க! போன வாட்டி வந்தாரே!" "கடலை உருண்டை கொண்டாந்தாரே!" "கண்டக்டர் திட்டியும் மறிச்சாருங்களே!" சோடாக்காரர் புட்டியை உயர்த்திப் பிடித்து, "பேச்சு மாறக்கூடாதுங்க! நான் காதால கேட்டிருக்கறேன்!" என்றார்.

"உருண்டையுமில்லீங்க, கண்டக்டருமில்லீங்க. அதெல்லாம் நான் போட்டது. புஸ்தகத்துல அவன் வந்து சேரறதுக்குள்ள பஸ் போயிருதுங்க. ஆனா அவனாச்சும் கெளம்பி வந்தான். இன்னொருத்தன் இருக்கறான், கெளம்பவே இல்லீங்க. சும்மா இருக்கற மோட்டாரு முன்னால ஸ்பானரப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். பஸ்ஸு ஆரன் அடிக்கறது அவன் காதுல உழுந்துச்சுங்க."

"அது எந்தப் பக்கமுங்க?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஓர் அம்மாள் கேட்டாள்.

"அது புஸ்தகத்துல இல்லீங்கம்மா."

ஆபரேட்டர் சுருளை மாட்டி முடித்தும் படத்தை ஓட்டவில்லை. என் பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. மருமகன் எழுந்து நின்றிருந்தான்.

"மாமா, அன்னிக்கு வெடியால இருந்தே ஊருல கரண்டு இல்லீங்களே."

அவர் முதல்முறையாக எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"பொள்ளாச்சி போற வரைக்கும் அதயேதான் யோசிச்சிட்டுப் போனேனுங்க. கரண்டில்லாத மோட்டாருல ரிப்பேர எப்படிக் கண்டுபுடிச்சாருன்னு."

முதலில் சிரித்தது சோடாக்காரர். பிறகு கூடாரம் முழுக்கச் சிரித்தது. ஆட்டுக்கல்லும் நானும் இல்லாமல் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அப்போதுதான். அதுவும் இருநூறு பேருக்கு நடுவில்.

"தெரிஞ்சும் இத்தனை நாளா வராம இருந்தியா மாப்பிள்ளை?"

"நீங்க ஒருக்கா வருவீங்கன்னு இருந்தேனுங்க."

"எனக்கு அந்த மலைக்கு வழி தெரியுமா?"

"பஸ்ஸுல ஏறி உக்காந்தா அது கொண்டுபோயி உடுமுங்க மாமா."

"வெளக்க அணைப்பா" என்று தோட்டத்துக்காரர் ஆபரேட்டரிடம் சொன்னார். அன்று கடைசிச் சுருளை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. சோடா மட்டும் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

நோம்பி முடிந்து மருமகன் கிளம்பிய காலையில் நானும் பஸ்ஸுக்குக் கூடப் போனேன். அவரைக் காணோம். விடிகாலையிலேயே தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. பஸ் வந்து நின்றது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். தோட்டத்துப் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கண்டக்டரிடம் போய், பொள்ளாச்சிக்கு எவ்வளவு, உடுமலைக்கு எவ்வளவு, மறையூருக்கு எவ்வளவு என்று தேவையில்லாத கேள்வியாகக் கேட்டு நேரம் கடத்தினேன். "ஏறறீங்களா இல்லீங்களா சார்?" என்றார் அவர்.

அப்போது தோட்டத்துக்காரர் வந்தார். பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த கோலத்திலேயே, தலையில் கடலைக்காய் மூட்டையோடு, சேற்றுச் செருப்பு சளக் சளக்கென்று அடிக்க ஓடி வந்தார். கண்டக்டர் திட்டத்தான் செய்தார். கழுவி விட்டிருந்த பஸ் என்பதால் செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு, மூட்டையை மேலே வைத்துவிட்டு இறங்கலாம் என்று உள்ளே ஏறினார். மூட்டை மேல்தட்டில் நுழையவில்லை. இருவரும் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

"ஆள் இறங்கணும்! ஆள் இறங்கணும்!" என்று நான் கத்தினேன்.

ஜன்னல் வழியாக அவர் தலை தெரிந்தது. என்னைப் பார்த்தார், கீழே கிடந்த செருப்பைப் பார்த்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, மருமகன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாத்தியில் தண்ணீர் போகிறது என்று தெரியாமல், ஒரு கையில் அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினேன். மூன்று பாத்தி மூழ்கிய பிறகுதான் சுவிட்சை அணைத்தேன்.

சில நாள் கழித்துப் பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கினார். காலில் முழங்கால்வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ், மலையில் மழைக்குப் போடுவது. மருமகனுடையது. அளவு சின்னது. "செருப்பைக் கழுவிக் கொண்டு வந்திருக்கிறேன், இதைக் கழற்றுங்கள்" என்றேன். "இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, வெயிலில், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று காலைக் காட்டியபடி, வீடுவரை நொண்டிக்கொண்டே வந்தார்.